பொறி வைக்கப் போன ஊர்

1. எங்கள் ஆய்வு மையத்தின் தலைவர் ஓய்வு பெற்றார்.
2. அடுத்த தலைவர் வரும்வரை பொறுப்பை ஏற்க மூத்தவர்கள் இருவர் மறுத்துவிட்டதால் அது என்னிடம் வந்தது.
3. புரட்டாசியில் நல்ல மழை பெய்தது.
4. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கிராமத்தில் காய்ச்சல் என்று தகவல் வந்தது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை.
5. எலிப்பொறிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம்.
6. அங்கே நான் சொன்ன ஒரு சொல்லை ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.
7. ஒரு பெண் பிழைத்தாள்.

இப்படி வரிசையாக எழுதிப் பார்க்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தானாக நடந்ததுபோலத் தெரிகிறது. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் ஒரு முழுப் பகல் இருந்தது. இது அந்தப் பகலைப் பற்றியது.

விலங்குகளாலும் பூச்சிகளாலும் பரவும் நோய்களுக்கான ஆய்வு மையம் என்று எங்கள் வாசலில் எழுதியிருக்கும். பலகை நீளம், மையம் சிறியது. பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் ஒரு கட்டடத்தில் கீழ்த்தளம் எங்களுடையது. ஒரு பரிசோதனைக்கூடம், பழைய மாதிரிகள் உறைந்து கிடக்கும் ஒரு ஃப்ரீசர், எவ்வளவு கழுவினாலும் எலி வாடை போகாத ஓர் அறை, ஒரு ஜீப். நான் பூச்சியியல் படித்தவள், மருத்துவர் இல்லை. பொறுப்பு ஏற்ற வாரம் விருதுநகரிலிருந்து அம்மா போனில் கேட்டாள், தலைவர் என்றால் என்ன வேலை என்று. மின்சாரம் போனால் ஃப்ரீசர் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது என்றேன். "அதுக்கு ஒரு எலக்ட்ரீசியன் போதாதா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அந்த மாதத்தில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி அதுதான்.

காய்ச்சல் தகவல் வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மழைக்குப் பிறகு, புதர்க்காட்டுப் பக்கம், மற்றப் பரிசோதனைகளில் எதுவும் சிக்காத காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். உண்மையில் கடிப்பது உண்ணியைவிட மிகச் சிறிய ஒரு சிலந்திப்பேனின் குஞ்சு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எலி, மூஞ்சூறு இவற்றின் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கும், புல்லில் காத்திருக்கும், மனிதர் வந்து உட்கார்ந்தால் ஏறிக்கொள்ளும். கடித்த இடத்தில் பல பேருக்கு ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும், சிகரெட்டால் சுட்ட மாதிரி. அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு, சரியான நேரத்தில் கொடுத்தால் காய்ச்சல் இறங்கிவிடும். நேரம் தவறினால் நுரையீரலுக்குப் போகும்.

சுகாதாரப் பணியாளர்கள் அந்த ஊரில் வீடுவீடாகப் போய் "ஒடம்புல காயம் ஏதும் இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வீட்டில்கூட யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. வேலிமுள் கிழிக்காத, கல் தடுக்காத ஒரு கிராமமா?

நாங்கள் போன அன்று காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி மின்னல் அறிகுறி தெரிந்தால் வெடி ஆபீஸ்களில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீபாவளி நெருங்குகிற சீசனில் ஒரு நாள் கூலி போனால் எரிச்சல்தான், ஆனாலும் மின்னலோடு யாரும் வழக்காட மாட்டார்கள். ஆகவே பகல் வேளையில் ஊர் நிறைய ஆள் இருந்தது. குழாயடியில் பெண்கள் கூட்டம்.

என்னோடு வந்தவர் எங்கள் மையத்தின் பூச்சி சேகரிப்பாளர். பதவியின் பெயரே அதுதான். ஜீப்பையும் அவரே ஓட்டுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை மேடம் என்பார், கோபம் வந்தால் மட்டும் தங்கச்சி என்பார்.

குழாயடியில் நின்று நான் சொன்னேன், "இங்கன காய்ச்சல் எதனால வருதுன்னு பார்க்க வந்திருக்கோம். வீட்டுக்கு ரெண்டு பொறி வச்சுட்டுப் போகலாமா?"

சிரிப்பு வெடித்தது.

"ஏத்தா, வெடி ஆபீஸ் ஊருக்குள்ள வந்து வீட்டுக்கு ரெண்டு பொறி வைக்கேன்னு சொல்றீகளே, ஊரு தாங்குமா?" இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டாள். நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் சிரிப்பதற்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்தே அந்தக் குழாயடியில் யார் பேச்சு எடுபடும் என்று புரிந்தது.

"எலிப்பொறி மதினி, எலிப்பொறி," என்று அண்ணாச்சி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"மதினியாம்ல! எந்த வழியில நான் ஒமக்கு மதினி? பொறிக்குள்ள வடையை வையும், எலிக்கு முந்தி நீரே போய் விழுவீரு."

"வடை இல்ல, கருவாடு."

"அப்பச் சரி, எங்க வீட்டுக்காரரும் விழுவாரு."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் வேகத்திலேயே அவள் சொன்னாள், "எங்க வீட்டுக்கு மட்டும் வேண்டாம் தாயி. எங்க வீட்டுல பட்ட பொறியே போதும். எனக்கு ஒண்ணு, எந் தம்பி பொண்டாட்டிக்கு ஒண்ணு..."

பக்கத்தில் நின்றவள் முழங்கையால் அவளை இடித்தாள். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பியது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

எலிப்பொறியை வைப்பார்கள். நெருப்புப் பொறிதான் படும். "பட்ட பொறி" என்று அவள் சொன்னது என் காதிலேயே நின்றது. நான் ஒன்றும் கேட்காமல் பொறிகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சி ஒரு தெருவுக்குப் போனார். நான் அவள் வீடு இருந்த தெருவுக்குப் போனேன்.

அவள் வீட்டு வாசலில் நின்று, "ஒங்க தம்பி பொண்டாட்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. அவளுக்கும் அது தெரியும். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தனியாத்தான வந்திருக்கீக? உள்ள வாங்க," என்றாள்.

பாயில் படுத்திருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கண் சிவந்து, உதடு வெடித்து, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்தாள். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி கூப்பிட்ட பெயரையே நானும் எடுத்துக்கொள்கிறேன், மதினிதான் சொன்னாள். திரி வெட்டும் அறையில் தம்பி மனைவிக்கு வேலை. அங்கே எப்போதாவது சின்னதாக ஒரு பொறி தெறித்து, தானே அணைந்துவிடும். அணைந்துவிட்டால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இவளுக்கு இடுப்பில் அப்படி ஒன்று பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்ப்பார்கள், தீக்காயம் என்று எழுதுவார்கள், தீக்காயம் என்றால் போலீசுக்குத் தகவல் போகும், போலீஸ் வந்தால் சீசனில் ஆபீஸுக்குச் சீல் வைப்பார்கள்.

அப்போதுதான் அந்த ஊரில் யாருக்கும் ஏன் காயம் இல்லை என்று விளங்கியது. இங்கே காயம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மூன்று பேர் காயம், ஐந்து பேர் காயம் என்று பேப்பரில் வருகிற காயம். கதவைத் தட்டி "காயம் இருக்கா?" என்றால் "ஆபீஸில் விபத்து நடந்ததா?" என்று கேட்டதாக அர்த்தம். முழங்காலில் சிராய்ப்போடு நிற்பவர்கூட இல்லை என்றுதான் சொல்வார்.

"அக்கா, யார்ட்டயும் சொல்லிராதீக," என்று பாயிலிருந்து அவள் சொன்னாள். "என்னால ஆபீஸ் மூடுனா... ஊரே என்னத்தான் பேசும்."

பார்க்கலாமா என்று கேட்டேன். மதினி கதவைச் சாத்தினாள்.

சேலைக் கட்டு இறுகும் இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், ஒரு சிறிய வட்டம். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. மேலே பற்பசை பூசிக் காய்ந்திருந்தது.

"பட்டப்போ எரிஞ்சுதா?"

"இல்லக்கா. எப்பப் பட்டுச்சுன்னே தெரியல."

"இப்ப வலிக்கா?"

"இல்ல."

அன்றைக்குக் கட்டியிருந்த சேலை எது என்று அவளுக்கு நினைவில்லை, ஆனால் வேலைக்குக் கட்டும் சேலைகள் எல்லாம் கொடியில்தான் கிடந்தன. மேலே போட்டுக்கொள்ளும் சட்டையும் அங்கேயே இருந்தது. ஒன்றொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஓட்டை இல்லை. சட்டையையும் சேலையையும் சுடாமல் இடுப்பை மட்டும் சுடுகிற பொறி எங்கேயும் கிடையாது.

"ஒங்களுக்கு எங்க பட்டுச்சு?" என்று மதினியைக் கேட்டேன்.

அவள் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினாள். ஆறிப்போன தழும்பு. அவளுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. சாத்தூரில் ஒரு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையில் சரியாகிவிட்டது. தழும்பை அங்கே காட்டவில்லை.

"நீங்க ஆபீஸ்ல என்ன வேலை?"

"பெட்டி மடக்கி லேபிள் ஒட்டுறது."

"பெட்டி மடக்குற எடத்துல எப்படிப் பொறி பட்டுச்சு?"

அவள் அக்குளை மறுபடி தொட்டுப் பார்த்தாள். "அதானே," என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். வெடி ஆபீஸில் அறைகளை விதிப்படி தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் மழை பெய்தால் புல்லும் புதரும் முளைக்கும். திரி வெட்டுகிறவர்களும் பெட்டி மடக்குகிறவர்களும் அந்தப் புல்லில்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பார்களாம்.

எனக்குத் தெரிந்தவற்றை மனதுக்குள் அடுக்கினேன். பொருக்கு, வலியில்லாமை, புல், மழை, காய்ச்சல். தெரியாதது ஒன்று: மருத்துவம். என் கணிப்பு தப்பாக இருந்து அது உண்மையிலேயே தீக்காயமாக இருந்தால், அவள் பயந்த அத்தனையும் நடக்கும், நடத்தி வைத்தவள் நானாக இருப்பேன். ஆனால் அவள் மூச்சு வாங்கும் வேகத்தைப் பார்த்தபோது அதை யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பதும் தெரிந்தது.

அவளிடம் கேட்டுக்கொண்டு பொருக்கை மட்டும் படம் எடுத்து, காய்ச்சலையும் மூச்சு வாங்குவதையும் எழுதி, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். பதில் வருவதற்குள் வாசலில் ஆண் குரல் கேட்டது. ஆபீஸின் போர்மேன். ஊருக்குள் ஜீப் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எந்த டிபார்ட்மெண்ட்?" என்று அவர் அண்ணாச்சியை மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலி டிபார்ட்மெண்ட்."

"வெளையாடாதீக. இன்ஸ்பெக்‌ஷனா?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு எவனாவது கருவாட்டோட வருவானா?"

நான் வெளியே வந்தேன். போர்மேனிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன், உள்ளே இருக்கும் பெண்ணை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும் என்று. அவர் முகம் வெளிறியது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பயந்த மனிதராகத் தெரிந்தார். "எங்க ஆபீஸ்ல யாருக்கும் ஒண்ணும் படல மேடம்," என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. அந்த நேரத்தில் போன் அடித்தது. டாக்டர். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க இருக்கீங்க? உடனே கூட்டிட்டு வாங்க. பார்த்தா ஸ்க்ரப் டைபஸ் மாதிரிதான் இருக்கு. மூச்சு வாங்குதுன்னு வேற சொல்றீங்க."

போர்மேன் குனிந்து போனிடமே பேசினார். "டாக்டர், தீக்காயம்னு எழுதிர மாட்டீகளே?"

"யாருங்க அது? பூச்சிக்கடியைப் போய் எதுக்குய்யா தீக்காயம்னு எழுதப் போறேன்?"

"பூச்சியா?"

"பூச்சிதான்."

"போலீசு?"

"பூச்சியைப் பிடிக்கப் போலீசா வரும்? நேரத்தைக் கடத்தாம அனுப்புங்க!"

போர்மேன் நிமிர்ந்தார். நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா," என்றார். "நோய்தானா!"

"ஏண்ணே," என்று மதினி வாசலிலிருந்து கத்தினாள், "அவ மூச்சுக்குத் தவிச்சுக் கெடக்கா, நீங்க அப்பாடாங்கிறீக!"

அவர் வெட்கப்பட்டுப் போனார். ஆனால் அந்தச் சொல் அதற்குள் தெருவில் பரவிவிட்டது. பொறி இல்லையாம், பூச்சியாம். வீட்டுக்கு வீடு அது நல்ல செய்தியாகப் போயிற்று. அதுவரை சாத்தியிருந்த கதவுகள் திறந்தன. நோய் என்று கேட்டு ஓர் ஊர் நிம்மதியானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைக்க இத்தனை கைகள் வரும் என்று நான் நினைக்கவில்லை. போர்மேனே ஒரு பக்கம் தாங்கினார்.

ஜீப்பில் மதினி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். சாலை முழுக்க மழைத் தண்ணீர். அண்ணாச்சி பள்ளங்களைத் தவிர்த்து ஓட்டினார், வாய் மட்டும் ஓயவில்லை. "தங்கச்சி, திரும்பித் திரும்பிப் பார்க்காத. மூச்சு விடுறா. சத்தம் கேக்குதுல்ல?" என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்று சொன்னதை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

டாக்டர் பொருக்கைப் பார்த்தார், கவட்டில் நெறி கட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார், ஆக்சிஜன் வைத்தார், மருந்தை ஊசி வழியாக ஏற்றினார். ஒரு சின்னக் குழப்பம் அங்கேயும் நடந்தது. "மருந்து கொடுத்தாச்சு, பயப்படாதீங்க," என்று நர்ஸ் சொன்னதும் மதினி திடுக்கிட்டாள். ஆபீஸில் மருந்து என்றால் வெடிமருந்து. "ஊசிம்மா, காய்ச்சல் ஊசி," என்று நான் திருத்தினேன். பரிசோதனைக்கு இரத்தமும் பொருக்கின் ஒரு துணுக்கும் வாங்கிக்கொண்டு மையத்துக்குத் திரும்பினேன்.

முடிவு வருவதற்கு முன்பே அவள் உடம்பு பதில் சொல்லிவிட்டது. மறுநாள் மாலை டாக்டர் போன் செய்து, காய்ச்சல் இறங்குகிறது, ஆக்சிஜனைக் குறைத்துவிட்டேன் என்றார். நான் அப்போது ஃப்ரீசரைச் சரிசெய்ய வந்தவரோடு நின்றுகொண்டிருந்தேன். சரி டாக்டர், ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு, ஃப்ரீசர்க்காரரிடம் எந்த உதிரிப்பாகம் மாற்றவேண்டும் என்று கேட்டு முடித்தேன். அதன்பிறகு எலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அந்த வாடை அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

அண்ணாச்சி சாத்தூரிலிருந்து காரச்சேவு வாங்கி வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். எங்கள் பரிசோதனையிலும் அது ஸ்க்ரப் டைபஸ்தான் என்று வந்தது. ஊரில் வைத்த பொறிகளில் விழுந்த மூஞ்சூறுகளின் காதோரத்தில் சிலந்திப்பேன் குஞ்சுகள் ஆரஞ்சுப் பொடி மாதிரி ஒட்டியிருந்தன.

இதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் எழுதியாகவேண்டும். அடுத்த வாரம் நாங்கள் அந்த ஊரில் பந்தல் போட்டு எல்லோரையும் பார்த்தபோது, பொருக்கு இருந்தவர்கள் வரிசையாக வந்து காட்டினார்கள். ஒளிக்கவில்லை, கூச்சப்படவில்லை, பெருமையாகவே காட்டினார்கள். அந்த வரிசையில் ஒரு பெரியவர் கையை நீட்டினார். மூன்று விரல்களில் தோல் உரிந்து, நுனி வெந்திருந்தது.

"இதுவும் பூச்சிதான மேடம்?" என்று போர்மேன் பின்னாலிருந்து கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"இல்ல. இது பொறி."

"பூச்சின்னே எழுதிக்கிட்டா என்ன? எம்புட்டுப் பேருக்கு எழுதுறீக, இதோட ஒண்ணு."

"நான் இன்னைக்கு இதைப் பூச்சின்னு எழுதுனா, நாளைக்கு நெசமான பூச்சிக்கடியை யாரும் நம்ப மாட்டாக. அப்புறம் அடுத்த பொண்ணை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீக?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் கையை இன்னும் நீட்டியபடியே இருந்தார். கடைசியில் போர்மேன், "வாங்க பெரியப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்," என்று அவரைத் தம் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் என்ன என்று சொன்னார், என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. விரல்களுக்குக் கட்டுப் போட்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். ஆபீஸ் மூடப்படவில்லை.

இப்போதைய நிலை இது. அந்தப் பெண் வீடு திரும்பிவிட்டாள். திரி வெட்டும் அறைக்கு மீண்டும் போகிறாள். மழைக்காலத்தில் அந்த ஊரிலிருந்து காய்ச்சலோடு வந்த மற்றவர்களும் குணமாகிவிட்டார்கள், யாரும் சாகவில்லை. ஆபீஸில் அறைகளுக்கு நடுவே புல்லை வெட்டுகிறார்கள். சாப்பிட ஒரு சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். கூரை இன்னும் இல்லை. சுகாதாரப் பணியாளர்கள் இப்போது "காயம் இருக்கா?" என்று கேட்பதில்லை, "கறுப்பாப் பொருக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்கிறார்கள், பதில் கிடைக்கிறது. மையத்துக்குத் தலைவர் இன்னும் நியமிக்கப்படவில்லை. பொறுப்பு என்னிடமே இருக்கிறது.